ஸ்பிரிங் அமுக்கும் கருவிக்கு எத்தனை மில்லிமீட்டர் கம்பி போதும்?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பாவின் சிறிய கார், வாங்கிப் பதினோரு ஆண்டு ஆகிறது. முன்பக்க இடது ஸ்பிரிங்கின் அடிச்சுற்று ஒடிந்து கிடக்கிறது. புது ஸ்பிரிங் இரண்டு வாங்கி வைத்துவிட்டார். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவிதான் கையில் இல்லை. படகு வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், மரை வெட்டிய கம்பியில் கொக்கி பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறாராம். "12 மி.மீ. கம்பி போதுமா, 16 மி.மீ. வேண்டுமா?" என்பது கேள்வி.

கேட்டிருப்பது கம்பியின் தடிமன். அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பதோ, முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வைத்துத் திருகப்போகும் ஒரு பொருளை நம்பலாமா என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பற்றவைத்த கொக்கி வேண்டாம். 12 மி.மீ. கம்பியிலும் வேண்டாம், 16 மி.மீ. கம்பியிலும் வேண்டாம். காரணத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் கார் வகையில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றிக் கீழே வைத்த பிறகும் ஸ்பிரிங் தளர்ந்திருக்காது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே அமுங்கியபடியே இருக்கும். உச்சியில் இருக்கும் ஒற்றை நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க இரண்டரைக் கிலோ விசை தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார்களுக்கு இது நடுத்தரமான அளவு. அதை 12 சென்டிமீட்டர் அமுக்கினால் 300 கிலோ விசையில் அது திமிறிக்கொண்டிருக்கும். அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல், 18 கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கேட்க அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் இரண்டு கிலோ எடையுள்ள மேல்தட்டின் மேல் பாய்ந்தால், தட்டு மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். குனிந்து வேலை செய்பவரின் தாடை பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும்.

நான் வேலை பழகிய காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேலை கற்றுக்கொடுத்த அண்ணனிடம் இதற்கென்று கருவி கிடையாது. ஸ்பிரிங் சுற்றுகளைச் சங்கிலியால் கட்டிவிட்டு உச்சி நட்டைக் கழற்றுவார். பல முறை சரியாகத்தான் நடந்தது. ஒருநாள் சங்கிலியின் ஒரு கண்ணி சுற்றின் மேல் வழுக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. "டக்" என்ற சத்தம்தான் எனக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தட்டளவுக்கு ஓட்டை. அதன் வழியே வானம் தெரிந்தது, தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு நொடிக்கு முன்புதான் அவர் ஸ்பேனர் எடுப்பதற்காகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தார். அன்று தப்பியது அந்தத் திரும்பலால். சங்கிலியைக் குறை சொல்ல முடியாது. அது அறுந்துபோகவில்லை, வழுக்கித்தான் நகர்ந்தது. இந்த வேலையில் நடக்கும் விபத்துகளில் நான் பார்த்தவரை, கேட்டவரை இதுவே அதிகம். இரும்பு அறுவது அரிது. பிடி நழுவுவதும் கொக்கி வாய் பிளப்பதும்தான் வழக்கம்.

இப்போது தடிமனுக்கு வருவோம். சாதாரண மென் இரும்பில் செய்த, 4.6 என்ற தரத்தைச் சேர்ந்த 12 மி.மீ. மரைக் கம்பியை நேராக இழுத்தால், ஏறத்தாழ இரண்டு டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஸ்பிரிங்கின் 300 கிலோவை இரண்டு கம்பிகள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு 150. பட்டறைக்காரர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் "தாராளமாகப் போதும்" என்று சொல்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கம்பி நேராக இழுக்கப்படுவதில்லையே! கொக்கி, கம்பிக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்று சுற்றைப் பிடிக்கிறது. கம்பியின் நடுவுக்கும் ஸ்பிரிங் சுற்றுக்கும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே, அந்த 150 கிலோ கம்பியை வளைக்கப் பார்க்கும். கொக்கியின் சாய்வு முழுவதையும் கம்பியே தாங்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 12 மி.மீ. கம்பியில் மரையின் அடிப்பகுதியில் ஏறும் தகைவு (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமக்கும் விசை), அந்த இரும்பு தாங்கக்கூடியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 16 மி.மீ. என்றால் தாங்கும் எல்லைக்குள் வரும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது. அதே 16 மி.மீ., அதைவிடப் பலமான 8.8 தரத்தில் இருந்தால் மூன்று மடங்குக்கு மேல் தாங்கும்.

இதில் எது உறுதி, எது தோராயம் என்பதையும் சொல்ல வேண்டும். இரும்பின் தரமும் வளைவின் கணக்கும் உறுதி. மூன்று சென்டிமீட்டர் என்பதும், முழுச் சாய்வும் கம்பிக்கே போகும் என்பதும் என் அனுமானம். உண்மையில் ஸ்பிரிங் சுற்றே கொக்கிக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கும் என்பது கொக்கியின் வடிவத்தைப் பொறுத்தது. உங்கள் பட்டறைக்காரரின் கொக்கியைப் பார்க்காமல் "இத்தனை கிலோவில் ஒடியும்" என்று நான் சொல்ல முடியாது. கம்பியின் தடிமனை மட்டும் வைத்து "தாங்கும்" என்று அவரும் சொல்ல முடியாது.

நம் கரையோரப் பட்டறைகளில் சுலபமாகக் கிடைக்கும் இரும்பு எதுவென்று எனக்குத் தெரியும் என்பதால், அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கட்டடம் கட்டும் டி.எம்.டி. கம்பி. அதன் பலம் வெளிப்புறத்தில் உள்ள கடினமான வளையத்தில் இருக்கிறது. மரை வெட்டுவதற்காக லேத்தில் கடைந்தால் முதலில் போவது அந்த வளையம்தான். மிஞ்சுவது மென்மையான நடுப்பகுதி. இரண்டாவது, படகுக்கு வாங்கிய துருப்பிடிக்காத ஸ்டீல் மரைக் கம்பி. உப்புக்காற்றுக்கு இதைவிட நல்லது வேறென்ன என்று தோன்றும். ஆனால் அதே ஸ்டீலில் செய்த நட்டைப் பளுவோடு திருகும்போது மரையும் மரையும் ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும். ஸ்பிரிங் பாதி அமுங்கிய நிலையில் நட்டு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அறுப்பதற்கும் வழியில்லை, அவிழ்ப்பதற்கும் வழியில்லை. அப்படிச் சிக்கிய ஒன்றை என் பட்டறைக்குச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்கள். அதை வாங்கி மேசையில் வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மூன்றாவது, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. அரிவாள் அடிக்க அருமையான இரும்பு. கொக்கி வெட்டவும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதைச் சாதாரண வெல்டிங் குச்சியால் பற்றவைத்து அப்படியே ஆறவிட்டால், பற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வந்துவிடும். பற்று பார்க்க அழகாக இருக்கும், விரிசல் உள்ளே இருக்கும். நான்காவது, 8.8 தரப் போல்ட்டையே வாங்கி அதில் கொக்கியைப் பற்றவைப்பது. அந்தப் பலம் சூடுபடுத்தி, குளிர்வித்து, மறுபடி பதமாக்கி வந்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். தலையில் 8.8 என்ற எண் மட்டும் மிச்சமிருக்கும்.

இவ்வளவையும் தாண்டி ஒரு நல்ல வெல்டர் சரியான இரும்பை எடுத்து, முன்சூடு கொடுத்து, மெதுவாக ஆறவிட்டு நல்ல கொக்கி செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் அது நன்றாக வந்திருக்கிறதா என்று சோதிக்க அவரிடமும் உங்களிடமும் வழியில்லை. முதல் சோதனையே உங்கள் காரின் ஸ்பிரிங்காக இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

கடையில் வாங்குவதாக இருந்தால், அங்கே தொங்குவதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மிக மலிவாகக் கிடைக்கும் ஜோடிக் கருவிகளில் கொக்கி வார்ப்பு இரும்பாக இருக்கும். கொக்கியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டியது போன்ற சொரசொரப்பும் சிறு குழிகளும் இருந்தால் அது வார்ப்பு. அடித்து உருவாக்கிய இரும்பு அப்படி இருக்காது. ஒவ்வொரு முனையிலும் இரண்டு விரல்களாகப் பிரிந்து சுற்றைப் பிடிக்கும் அமைப்பு இருக்க வேண்டும். அதற்கு மேல், சுற்று வெளியே நழுவாதபடி குறுக்கே செருகும் பூட்டு ஊசியோ வளையப் பட்டையோ கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பூட்டு இல்லாத கருவியை, எத்தனை மி.மீ. கம்பியாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். கம்பியில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருந்தால் நல்லது. பளபளக்கும் முலாமை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

பழைய கருவியை இரவல் வாங்கினால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கொக்கியின் கக்கத்தை, அதாவது உள்வளைவை, மண்ணெண்ணெயில் நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு கறுத்த கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்தக் கருவியை இரண்டாக அறுத்துப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. கோடு தெரியவில்லை என்பதாலேயே விரிசல் இல்லை என்றும் ஆகிவிடாது. இந்தச் சோதனை மேற்பரப்பை மட்டும்தான் காட்டும்.

அடுத்து நம் ஊர் உப்பு. கடலோரக் கார்களில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றுதான் முதலில் ஒடியும். தட்டில் உட்காரும் இடத்தில் மணலும் உப்பும் ஈரமும் சேர்ந்து தங்கி, பூச்சை உரித்து, கம்பியில் ஊசிக்குழி போடுகின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு விரிசலுக்குத் தொடக்கம். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு தனுஷ்கோடி மணலில் ஓடிய கார்கள் என்னிடம் நிறைய வருகின்றன; அடித்தட்டைத் தட்டினால் கைப்பிடி மணல் கொட்டும். இது கருவிக்கும் பொருந்தும். துருச்செதில் படிந்த சுற்றில் கொக்கியை மாட்டினால், கொக்கி பிடிப்பது செதிலை, இரும்பை அல்ல. பளு ஏறியதும் செதில் பெயரும், கொக்கி நகரும். ஆகவே கம்பித் தூரிகையால் அந்த இடங்களை இரும்பு தெரியும்வரை தேய்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். அங்கே எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். கிரீஸ் மரைக்கு மட்டும்தான், கொக்கிக்கு அல்ல.

நீங்களே செய்வது என்று முடிவெடுத்தால் முறை இதுதான். கார் நிற்கும் தரை மணலாக இருக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள்; ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது, பானெட்டுக்குக் கீழே மேல்தட்டைச் சுற்றியுள்ள சிறிய நட்டுகளை மட்டும்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை, அதாவது உச்சி நட்டை, கருவி மாட்டாமல் கழற்றக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு.

கருவியின் இரண்டு பக்கங்களும் எதிரெதிராக, கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் போல இருக்க வேண்டும். உங்கள் ஸ்பிரிங் அடியில் ஒடிந்திருப்பதால், கீழ்க்கொக்கியை ஒடிந்த துண்டில் மாட்டிவிடாதீர்கள். முழுதாக இருக்கும் சுற்றைப் பார்த்து மாட்டுங்கள். மரையில் கிரீஸ் தடவி, ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என மாறி மாறிக் கையால் திருகுங்கள். பெரும்பாலான 16 மி.மீ. கம்பிகளில் ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஐந்து சென்டிமீட்டர் அமுக்க ஒவ்வொரு பக்கமும் இருபத்தைந்து சுற்று வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். அதற்காகக் காற்றில் ஓடும் இம்பாக்ட் துப்பாக்கியை வைக்காதீர்கள். மரை சூடேறிக் கவ்விவிடும். கொக்கி நகர்வதும் உங்கள் கைக்குத் தெரியாது. கையால் திருகும்போது ஏதாவது தவறினால் ஸ்பேனரிலேயே தெரியும்: திடீரென்று இலகுவாகும், அல்லது "டிக்" என்று ஓர் அதிர்வு வரும். அந்த "டிக்" வந்தால் நிறுத்திவிட்டு, வந்த வழியே தளர்த்துங்கள்.

எவ்வளவு அமுக்குவது? ஸ்பிரிங் தட்டிலிருந்து விடுபட்டு, கையால் சுழற்றினால் சுழல வேண்டும். அது போதும். சுற்றோடு சுற்று முட்டும்வரை அமுக்கக் கூடாது. இவ்வளவு நேரமும் ஸ்ட்ரட்டின் இரண்டு முனைகளும் சுவரைப் பார்த்தே இருக்கட்டும். உங்கள் உடம்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும், குழந்தைகள் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. உச்சி நட்டைக் கழற்றும்போது ஷாக் அப்சார்பரின் தண்டும் கூடவே சுழலும். அதன் தலையில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் சாவி போட்டுப் பிடியுங்கள். தண்டின் பளபளப்பான பகுதியைக் குறடால் பிடித்தால் கீறல் விழுந்து, ஆறு மாதத்தில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டாலும், உங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஸ்ட்ரட்டைக் கழற்றும் வேலையை நீங்களே செய்யுங்கள். அதில் ஸ்பிரிங் ஆபத்து இல்லை. இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் உச்சி நட்டைத் தொடாமல் சாக்கில் கட்டி, புது ஸ்பிரிங்குகளோடு ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் எடுத்து வாருங்கள். ஸ்பிரிங் அமுக்கத் தரையில் பொருத்திய பிரஸ் உள்ள பட்டறை எதுவானாலும் சரி. அதில் ஸ்பிரிங்கைத் தட்டுகள் பிடித்துக்கொள்ளும், விசை நேர்கோட்டில் இறங்கும், பிடி நழுவும் ஆபத்து மிகக் குறைவு. இரண்டையும் மாற்ற ஒரு மணி நேரம் போதும். காரை ஓட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். ஒடிந்த சுற்றின் முனை கூராக இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடக்கூடும்.

பின்பக்க ஸ்பிரிங் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் வகைக் கார்கள் பலவற்றில் பின்னால் ஸ்பிரிங் தனியாக, ஷாக் அப்சார்பர் தனியாக இருக்கும். அப்படி இருந்தால் கருவியே தேவையில்லை. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கைக்கு வரும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரரிடம் ஏதாவது செய்து வாங்க ஆசையென்றால் இதைச் செய்து வாங்குங்கள்: ஸ்ட்ரட்டைப் படுக்கவைத்துப் பூட்டும் ஒரு மரத்தொட்டில். இரண்டு அங்குலப் பலகையில் ஸ்ட்ரட்டின் உடல் உட்காரும் பள்ளம், அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கும் ஒரு பட்டை. படகுத் தச்சர் அரை நாளில் செய்துவிடுவார். கடைக் கருவியை மாட்டித் திருகும்போது ஸ்ட்ரட் உருளாமல் நின்றால், இரண்டு கைகளும் ஸ்பேனருக்குக் கிடைக்கும்.

புது ஸ்பிரிங்கை மாட்டும்போது கம்பியின் முனை, கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். கருவியை முழுவதும் தளர்த்துவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். உச்சி நட்டு புதிதாக இருக்கட்டும். எல்லாம் முடிந்து கார் தரையில் நின்ற பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஒடிந்த ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த அந்தக் கீழ்த்தட்டின் நிலை எனக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டு கீழக்கரைக் காற்றில் அதுவும் இற்றுப்போயிருக்கலாம். ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் மணலைத் தட்டிவிட்டு, தட்டின் விளிம்பை ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஸ்ட்ரட்டையே மாற்ற வேண்டும். வெயில் வெளிச்சத்தில் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.